உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் தோற்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். கம்ப்யூட்டர் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டில் இருக்கும். அப்டேட் நின்றுபோனால் போன் வருவது பிள்ளைகளுக்குத்தான். அந்தப் போனை எடுப்பவர்களுக்காக எழுதப்பட்டவை இந்தப் பதில்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பிழை எண்களின் தொடக்கத்தில் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டிருக்கிறோம். எல்லா எண்ணிலும் அவை ஒன்றுதான்.

போனில் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

"அப்டேட் ஆகமாட்டேங்குது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குள் போய், அப்டேட் ஹிஸ்டரி பக்கம். தோற்ற அப்டேட்டின் கேபி எண்ணும் (அந்த அப்டேட்டின் அடையாள எண்) பிழை எண்ணும் அங்கே இருக்கும். இரண்டு, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் என்று தட்டினால் வரும் சிறிய பெட்டி. எந்தப் பதிப்பு என்று அதில் தெரியும். மூன்று, திஸ் பிசி பக்கம். சி டிரைவில் எவ்வளவு இடம் மீதம் என்று அதில் பார்க்கலாம்.

எண்ணை வாயால் படிக்கச் சொல்லாதீர்கள். பிழை எண்ணில் பூஜ்யமும் எழுத்தும் கலந்து வரும். பெரியம்மா படித்துக் காட்டினால் பாதி நேரம் ஓர் எழுத்து விட்டுப்போகும். படமே போதும்.

பழுதுபார்க்கத் தொடங்கும் முன் எதைக் காப்பாற்ற வேண்டும்?

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் ஒரு தம்ப் டிரைவில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழ்க் குடும்பங்களில் விட்டுப்போவது இன்னொன்று: எழுத்துருக்கள். கோயில் கணக்கு, திருவிழா நோட்டீஸ், சங்கக் கடிதங்கள் பலவும் யூனிகோடு பரவலாகும் முன்பு, டிஸ்கி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு போய்விட்டால் கோப்பு கெடாது, ஆனால் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் எடுத்து வையுங்கள். வழக்கமான அப்டேட் அவற்றைத் தொடாது. கடைக்காரர் ஃபார்மெட் செய்தால் மொத்தமாகப் போய்விடும்.

லெப்டோப்பாக இருந்தால், டிஸ்க்கையே மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயாஸைத் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புகள்) தொட்டாலோ, விண்டோஸ் திறக்காதபோது வரும் மீட்புத் திரைக்குள் போனாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கக்கூடும். அந்த எண் பெரும்பாலும் உறவினரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்றால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு மற்ற வேலைக்கு வாருங்கள்.

பிழை எண் என்ன சொல்கிறது?

80070070 என்றால் இடமில்லை. இதில் குழப்பமே கிடையாது.

80072எஃப்8எஃப் வந்தால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மீதுள்ள காசு அளவுப் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான், கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கம்ப்யூட்டர் ஏற்காது. நேர மண்டலம் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருக்க வேண்டும்.

80072இஇ2, 8024402சி இரண்டும் இணைப்புக் கோளாறுகள். 80073712, 800எஃப்081எஃப் இரண்டும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றன அல்லது காணவில்லை என்பதற்கு அடையாளம். சி1900101 என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) கோளாறு. பழைய பிரிண்டர், வைஃபை டாங்கிள், காலாவதியான வேறு நிறுவன ஆண்டிவைரஸ் இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். மவுஸும் விசைப்பலகையும் தவிர எல்லா யூஎஸ்பியையும் கழற்றிவிட்டு, அந்த ஆண்டிவைரஸையும் நீக்கிவிட்டு மறுபடி முயலலாம். விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே காவலுக்கு வந்துவிடும்.

80070643 கொஞ்சம் ஏமாற்று வேலை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 இந்த எண்ணோடுதான் பல கம்ப்யூட்டர்களில் தோற்றது. காரணம், மீட்புப் பகுதி என்ற மறைவான சிறு பிரிவில் அதற்கு 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. பல கம்ப்யூட்டர்களில் அது இல்லை. சி டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. அந்த ஒரே அப்டேட்டுக்காகப் பெரியப்பாவின் டிஸ்க்கைப் பிரித்து அளவு மாற்றுவது எங்கள் கணக்கில் வேண்டாத வேலை. கைதவறினால் இழப்பு பெரிது. மற்ற அப்டேட்டுகள் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

சி டிரைவில் இடமில்லை. எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

மாதாந்திர அப்டேட்டுக்கு 10 ஜிபி, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்புக்கு 20 ஜிபி காலியாக இருந்தால் மூச்சு விடலாம்.

முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அளவுவாரியாக அடுக்குங்கள். கல்யாண வீடியோவின் மூன்று நகல், ஒரே வங்கி அறிக்கையின் எட்டு நகல் என்று பெரும்பாலும் அங்கேயே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்து டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தாவிட்டால் பழைய அப்டேட்டுகளின் மிச்சம் பட்டியலிலேயே வராது. பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரி இருந்தால் அதில் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் போதவில்லை என்றால் ஹைபர்நேஷனை (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும் வசதி) நிறுத்தலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு எச், இடைவெளி, ஆஃப் என்று கொடுத்தால் 8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் 3 ஜிபிக்கு மேல் மீளும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் என்ற இரண்டையும் கையால் அழிக்கவே கூடாது. அளவைப் பார்த்து ஆசை வரும். ஆனால் முதலாவதில்தான் அப்டேட்டுக்கு வேண்டிய மூலக் கோப்புகள் இருக்கின்றன. இரண்டாவதை அழித்தால் பிறகு பழைய ஆஃபீஸ் போன்ற மென்பொருள்களை நீக்கவும் முடியாது, பழுதுபார்க்கவும் முடியாது.

வீட்டில் லைன் மோசம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். என்ன செய்வது?

பதிவிறக்கம் பாதியில் அறுந்தால் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் லைன் மோசமாக இருப்பது தாமதத்துக்குக் காரணமாகுமே தவிர, அப்டேட் உடைவதற்குக் காரணமாவது குறைவு. ஒன்றை மட்டும் பாருங்கள்: யாராவது டேட்டாவை மிச்சப்படுத்த மீட்டர்டு கனெக்ஷனை ஆன் செய்திருந்தால், பெரிய அப்டேட் இறங்காமல் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், அந்த வைஃபையின் பெயருக்குள் அதை ஆஃப் செய்யுங்கள்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் கோப்பைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. மாதாந்திர அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கேபி எண்ணைத் தேடி, சரியான பதிப்புக்கும் எக்ஸ்64 என்ற 64 பிட் வகைக்கும் உரிய எம்எஸ்யூ என்ற அப்டேட் கோப்பை எடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் காட்டினால் எல்லாவற்றையும் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பிந்தையது முந்தையதைத் தேடும்.

விண்டோஸ் முழுவதையும் போடப் பயன்படும் ஐஎஸ்ஓ கோப்பு 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மெட் செய்த தம்ப் டிரைவில் அது ஏறாது. டிரைவில் 16 ஜிபி காலியாக இருந்தாலும் கோப்பு பெரிது என்றே சொல்லும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

இடி மழை வந்தால் கரண்ட் போகிறது. எந்த நேரத்தில் அப்டேட் போடலாம்?

காலையில். பேராக் பக்கம் பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. டிஎன்பி மின்சார லைன் போகாவிட்டாலும், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலே வீட்டு ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும். பதிவிறக்கும்போது கரண்ட் போனால் பாதகமில்லை. திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும்போது போனால்தான் கோப்புகள் சிதைகின்றன.

மாதாந்திர அப்டேட் அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் காலையில் வெளியாகும். நமக்கு அது புதன் அதிகாலை 1 அல்லது 2 மணி. அந்த வார இறுதியில், சனிக்கிழமை காலை பசியாறியதும் உட்காரச் சொல்லுங்கள். லெப்டோப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். பேட்டரி செத்த லெப்டோப்பை டெஸ்க்டாப்பாகவே எண்ணிக்கொள்ளுங்கள். 650 விஏ அளவுள்ள சிறிய யூபிஎஸ் டெஸ்க்டாப்பைச் சில நிமிடம் தாங்கும். ஈஎல்சிபியைத் தூக்கிவிட அது போதும், ஒரு அப்டேட்டை முடிக்கப் போதாது.

30 விழுக்காட்டிலேயே நிற்கிறது. அணைத்துவிடலாமா?

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். விழுக்காட்டைப் பார்க்காமல் கேசிங்கின் முன்பக்கம் மினுக்கும் சிறு விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மினுக்கினால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். விளக்கு அசையவே இல்லை, மூன்று மணி நேரமும் தாண்டிவிட்டது என்றால் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை சொல்லும்போது அணைப்பதுதான் உண்மையான ஆபத்து. அப்போது விண்டோஸ் பழைய கோப்புகளைத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கும்.

எந்த வரிசையில் பழுதுபார்ப்பது?

ரீஸ்டார்ட் முதலில். ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை.

அடுத்து, இறங்கிய கோப்புகளே கெட்டிருக்கலாம் என்பதால் அந்த ஃபோல்டரை ஒதுக்குங்கள். விண்டோஸ் பொத்தானும் ஆரும் அழுத்தி, சர்வீசஸ், புள்ளி, எம்எஸ்சி என்று தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஓல்ட் என்று சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிய ஃபோல்டர் தானாக உருவாகும். பெயர் மாற்ற விடவில்லை என்றால் அந்தச் சேவைகளில் ஒன்று மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும், மீண்டும் நிறுத்துங்கள். அப்டேட் ஹிஸ்டரி வெறுமையாகத் தெரியலாம். ஏற்கெனவே ஏறிய அப்டேட்டுகள் எங்கும் போய்விடவில்லை.

இந்தப் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் டிசேபிள்டு என்று இருந்தால், யாரோ வேண்டுமென்றே அணைத்திருக்கிறார்கள். கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர்கள் இதைச் செய்வதுண்டு. மேனுவல் என்று மாற்றிப் பாருங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி டிசேபிள்டு ஆகிவிட்டால் அப்டேட்டைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பாடுபடுவது வீண். சரியான உரிமத்தோடு சுத்தமாகப் போட்டுவிடுவதே குறைந்த வேலை.

இதற்கும் சரியாகாவிட்டால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இரண்டு கட்டளைகள். ஒன்று: டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஆன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் ஹைஃபன் இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரிஸ்டோர்ஹெல்த். இது மைக்ரோசாஃப்ட்டிலிருந்து நல்ல கோப்புகளை இறக்கிச் சிதைந்ததை மாற்றும், ஆகவே லைன் வேண்டும். 62 விழுக்காட்டை ஒட்டி நெடுநேரம் நிற்பது இதன் பழக்கம், விட்டுவிடுங்கள். முடிந்ததும் இரண்டாவது: எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். இந்த வரிசை மாறினால் பலன் குறையும். எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய மூலத்தை எடுப்பதே டிஐஎஸ்எம் சரிசெய்யும் இடத்திலிருந்துதான்.

போனில் சொல்லிக்கொடுக்கும்போது, "கேள்விக்குறி இருக்கிற பொத்தான்ல உள்ள கோடு, பெரியம்மா" என்று சொல்லுங்கள். எண்டருக்கு மேலே இருக்கும் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதைத் தட்டினால் கட்டளை ஓடாது.

விண்டோஸ் 11-இல் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ரீஇன்ஸ்டால் நவ் என்ற பொத்தான் இருக்கும். கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டே அதே விண்டோஸை மறுபடி போட்டுவிடும். ஜிபி கணக்கில் இறங்கும் என்பதால் ஹாட்ஸ்பாட் வீட்டுக்கு ஏற்றதல்ல.

ஐஎஸ்ஓவிலிருந்து செட்டப்பை ஓட்டினால் கோப்புகள் தங்குமா?

தங்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓவை இரண்டு முறை கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்ட வேண்டும். தம்ப் டிரைவிலிருந்து பூட் செய்து போட்டால் செயலிகள் தங்காது. கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள் என்ற தேர்வு மங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஐஎஸ்ஓவின் மொழி பொருந்தவில்லை என்பது வழக்கமான காரணம். அமெரிக்க ஆங்கிலமும் இன்டர்நேஷனல் ஆங்கிலமும் விண்டோஸுக்கு வேறு வேறு மொழிகள்; நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் இரண்டையும் பார்க்கலாம்.

அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸே திறக்கவில்லை.

விண்டோஸ் தொடங்கும் சின்னம் தெரியும்போது பவர் பொத்தானைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை தடைபட்டால் மீட்புத் திரை தானாக வரும். டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போங்கள். மாதாந்திர அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறு என்றால் குவாலிட்டி அப்டேட்டையும், பதிப்பே மாறிய பின் வந்தது என்றால் ஃபீச்சர் அப்டேட்டையும் நீக்குங்கள். பதிப்பைத் திருப்ப 10 நாள்தான் அவகாசம். அதற்குள் யாரும் பழைய பதிப்பை வைத்திருக்கும் விண்டோஸ் ஓல்ட் ஃபோல்டரை அழித்திருக்கக் கூடாது.

நீக்கியும் திறக்கவில்லை, டிஐஎஸ்எம்மும் முன்பு திரும்பத் திரும்பத் தோற்றது என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். நல்ல கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம். காஷன் என்று மஞ்சளில் வந்தால் பழுதுபார்ப்பை நிறுத்திவிட்டுக் கோப்புகளை எடுங்கள். பிறகு எஸ்எஸ்டி மாற்றுங்கள்.

விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. அப்டேட்டே வரவில்லையே?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸைக் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 அமெரிக்க டாலர். ஒரே கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை முதல். டிபிஎம் இல்லை என்று காட்டினால் பயாஸில் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். குறுக்கு வழியில் 11-ஐத் திணிக்கலாம்தான். ஆனால் அதற்கு அடுத்த பெரிய பதிப்பு தானாக வராமல் போகலாம். ஒவ்வொரு முறையும் நீங்களே ஊருக்கு வந்து போட்டுக்கொடுக்கத் தயாரா என்று யோசியுங்கள். இணையமே இல்லாமல் கோயில் கணக்கு மட்டும் எழுதும் கம்ப்யூட்டரை அப்படியே விடலாம். வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரை விடக் கூடாது.

தூரத்திலிருந்து திரையைப் பார்த்துச் செய்ய முடியுமா?

முடியும். குவிக் அசிஸ்ட் விண்டோஸிலேயே இருக்கிறது: கண்ட்ரோல், விண்டோஸ், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு உதவுகிறவருக்குத்தான் வேண்டும். அங்கே இருப்பவர் தட்டுவதற்கு நீங்கள் எடுத்துச் சொல்லும் இணைப்புக் குறி 10 நிமிடம் செல்லும். அனுமதி கேட்கும் திரை வரும்போது உங்களுக்குப் படம் நின்றுபோகும். அங்கே இருப்பவர்தான் எஸ் (ஆம்) என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும் இணைப்பு அறும், புதுக் குறி வேண்டும்.

மோசடிக்காரர்களும் இதே கருவியைத்தான் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாகக் கூப்பிட்டு அப்டேட் தோற்றுவிட்டது என்று சொல்வதில்லை. உங்கள் குரல் இல்லாத யாருக்கும் அந்தக் குறியைத் தட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியையோ மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

கடைக்காரர் ஃபார்மெட் செய்யவேண்டும் என்கிறார்.

மூன்று கேள்வி கேளுங்கள்: டிஸ்க்கின் நிலையைச் சோதித்தீர்களா, கோப்புகளை எதில் நகல் எடுப்பீர்கள், எந்த உரிமத்தில் விண்டோஸ் போடுவீர்கள். பிராண்டு லெப்டோப்பில் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனைப் போட்டால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். அதற்குத் தனிக் காசு கேட்டால் காரணம் கேளுங்கள்.

அப்டேட்டையே நிறுத்திவைத்தால் என்ன?

தீபாவளி விற்பனை நேரம், பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வு நேரம் என்றால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இருக்கும் பாஸ் (இடைநிறுத்தம்) பொத்தானால் 35 நாள் வரை தள்ளிவைக்கலாம். சேவையை அணைக்காதீர்கள். அவகாசம் முடிந்ததும் சேர்த்துவைத்தவை ஒன்றாக இறங்கும் என்பதால், அந்த நாளுக்கு முன்பே சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.